இரண்டாவது ஆவுடையப்பன்

தாமிரபரணிக்குத் தெற்கே, பஸ் நின்றாலும் நிற்காவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளாத ஊர் ஒன்று உண்டு. பெயர் வாகைச்சுனை. அங்கே சிவனணைந்தான் முதலாளியின் கைமுறுக்கு கம்பெனியில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். உழைப்பில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொன்ன வேலையைச் செய்வார்கள், சொன்னபடியே செய்வார்கள், சொன்னதற்கு மேல் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டார்கள். முதலாளியின் தலைவலிக்கெல்லாம் காரணம் இதுதான்.

ஒருமுறை முதலாளி, "கடையைப் பாத்துக்கோங்கடே, சாப்பிட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேரும் எதிர்ச் சாரியில் வரிசையாக நின்று கண் கொட்டாமல் கடையைப் பார்த்தார்கள். ஆடு ஒன்று உள்ளே போனதைப் பார்த்தார்கள். அது டின் டின்னாக முறுக்கைத் தின்றதைப் பார்த்தார்கள். முதலாளி திரும்பி வந்ததும், ஆடு எந்த டின்னில் தொடங்கி எந்த டின்னில் முடித்தது என்பது வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார்கள்.

நாலு பேரில் மூத்தவர் செம்புலிங்கம், மாவு பிசைவார். எண்ணெய்ச் சட்டியில் நிற்பவன் மாடக்கண்ணு. பொட்டலம் கட்டி வீடுகளுக்குக் கொண்டுபோகிறவன் பேச்சிமுத்து. கையால் முறுக்குச் சுற்றுகிறவன் ஆவுடையப்பன். நம்முடைய கதை இந்த ஆவுடையப்பனுக்கு நேர்ந்தது. எந்த ஆவுடையப்பனுக்கு என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

காலம் மாறிக்கொண்டிருந்தது. கீரை விற்கிற அம்மாள்கூட, கறுப்புக் கட்டங்களால் கோலம் போட்ட மாதிரி ஓர் அட்டையைக் கூடையில் தொங்கவிட்டிருந்தாள். போனை அதற்கு நேரே காட்டினால் காசு எங்கேயோ போய் விழுந்தது. துபாயில் இருப்பவன் படுத்தபடியே கட்டைவிரலால் முறுக்கு கேட்டான். பக்கத்து டவுனில் முறுக்கை மெஷினே சுற்றியது. நாமும் மாறாவிட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதனால் கம்பெனிக் கதவில் ஒரு கேமராவும் பேசும் பெட்டியும் கொண்டுவந்து மாட்டினார். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெட்டி சொல்லும். ஆர்டர் வந்தாலும் அதுவே சொல்லும். பெண் குரல், பிழையில்லாத தமிழ். இப்படித் தமிழ் பேசுகிறவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்று செம்புலிங்கம் செருப்பைக் கழற்றினார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பெயர் மேடம்.

முதலாளியின் மகளுக்கு அது நிறைமாசம். அவள் இருக்கும் பெங்களூருக்குக் கிளம்பும் முன் முதலாளி நாலு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏலே, நான் மக பிரசவத்துக்குப் போறேன். போன் கீன் பண்ணித் தொந்தரவு குடுக்கப்படாது. நான் வர்ற வரைக்கும் ஒருத்தனும் சொந்த புத்தியை வெளியில எடுக்கப்படாது. மெஷின் என்ன சொல்லுதோ அது நான் சொன்ன மாதிரி. வெளங்கிச்சா?"

"இதுவரைக்கும் எடுத்ததா ஞாபகம் இல்ல முதலாளி. இருந்தாலும் இனிமே ஜாக்கிரதையா இருக்கோம்" என்றார் செம்புலிங்கம்.

முதலாளி பிள்ளையாரில் தொடங்கி வழியில் தென்பட்ட சாமிகளையெல்லாம் மகளுக்காக வேண்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் மேடம் பேசினார். "கீழத்தெரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக்கு ஒரு கிலோ. பார்சலை வாடிக்கையாளரின் வாசலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பவும்."

பேச்சிமுத்து போனான். பார்சலை வாசலில் வைத்தான். கோணலாகத் தெரிந்ததால் நேராக நிமிர்த்தி வைத்தான். படம் எடுத்தான், அனுப்பினான். பிறகு பார்சலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். வாத்தியார் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்தார்.

"விட்டுட்டு வான்னு மேடம் சொன்னாங்களா?" என்று பேச்சிமுத்து நியாயம் கேட்டான்.

"சொல்லலியே" என்றான் மாடக்கண்ணு.

"அப்பம் வாத்தியாருக்குத்தான் படிப்பு பத்தல."

சாயங்காலம் மேடம் அறிவித்தார்: "வாடிக்கையாளர் உங்களுக்கு ஒரு நட்சத்திரம் வழங்கியிருக்கிறார்."

நாலு பேருக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரு கிலோ முறுக்குக்கு ஒரு நட்சத்திரம். அதுவும் முறுக்கைத் தின்னாமலே.

"அஞ்சு வரைக்கும் குடுக்கலாமாம்லா?" என்று ஆவுடையப்பன் மட்டும் லேசாக இழுத்தான்.

"பேராசைப்படாதலே. சூரியனும் நட்சத்திரம்தான்னு சொல்லுதாங்க. அது ஒண்ணுதானே இருக்கு? ஊருக்கே பத்துதா இல்லியா?" என்றார் செம்புலிங்கம்.

இந்த நேரத்தில்தான் ஆவுடையப்பனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. தாய் தகப்பன் இல்லாதவன், வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பெண் பார்த்துப் பார்த்துத் தரகருக்கே அலுத்துப்போன நேரத்தில், அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் கோமதி சரி என்று சொல்லிவிட்டாள். அவன் கண்ணில் கள்ளம் இல்லை என்பது அவள் சொன்ன காரணம். ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் மத்தியானம் அவள் போன் பண்ணுவாள். அவன் எழுந்து நின்று பேசுவான்.

கல்யாணம் கூடினால் முடி தருவதாகத் திருச்செந்தூர் முருகனுக்கு அவன் நேர்ந்திருந்தான். தலைமுடி சுருட்டை, மீசை அவன் சுற்றும் முறுக்கு மாதிரி இருபக்கமும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டையும் முருகனுக்குக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு கம்பெனி வாசலில் வந்து நின்று முகத்தைக் காட்டினான்.

"மன்னிக்கவும். உங்களை அடையாளம் தெரியவில்லை" என்றார் மேடம்.

இடப்பக்கம் காட்டினான், வலப்பக்கம் காட்டினான். பல்லைக் காட்டினான். அடையாளம் தெரியவில்லை. ஜன்னலில் மூன்று முகங்கள் தெரிந்தன.

"அண்ணாச்சி, நான்தான் ஆவுடையப்பன். மொட்டை போட்டுட்டு வந்திருக்கேன்."

"குரல் அவன் குரல்தான். மேடம் தெரியலங்காங்களே" என்றார் செம்புலிங்கம்.

"முகமும் அவன் மாதிரிதான் இருக்கு அண்ணாச்சி" என்றான் மாடக்கண்ணு.

"மாதிரி இருந்தா ஆயிருமா? பக்கத்து டவுன் முறுக்கும் நம்ம முறுக்கு மாதிரிதான் இருக்கு. அது நம்மளுதா?" என்றான் பேச்சிமுத்து.

செம்புலிங்கம் தாடையைத் தடவினார். "ஒரு கேள்வி கேப்போம். தம்பி, ஆவுடையப்பனுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

ஆவுடையப்பன் குஷியாகிவிட்டான். "போன தீவாளிக்கு உங்க மூக்குக்கண்ணாடி எண்ணெய்ச் சட்டிக்குள்ள விழுந்துச்சு. அதையும் அரிச்செடுத்து முறுக்கோட சேத்துப் பொட்டலம் கட்டி மதுரைக்கு அனுப்பிட்டீங்க!"

செம்புலிங்கத்தின் முகம் கறுத்தது.

"இது ஆவுடையப்பனுக்கு மட்டும்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். செத்தாலும் சொல்லமாட்டான்."

"இவன் சொல்லிட்டானே!"

"அதான் சொல்லுதேன். இவன் அவன் இல்ல."

ஆவுடையப்பன் அதை நன்றாக யோசித்துப் பார்த்தான். ஓட்டை எதுவும் தென்படவில்லை. தலையைத் தொட்டுப் பார்த்தான். வழுவழுவென்று, குளுகுளுவென்று, யாருடைய தலையோ மாதிரி இருந்தது.

"புதிய நபர் என்றால் பெயரைச் சொல்லவும்" என்றார் மேடம்.

"ஆவுடையப்பன்."

"இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்."

"இருக்காரா? எங்கம்மா இருக்காரு?" என்று ஆவலாகக் கேட்டான்.

"'ஆவுடையப்பன் 2' என்று பதிவு செய்யலாமா?"

வெயில் மண்டையில் நேராக விழுந்தது. அவன் தலையாட்டினான். "நல்வரவு, ஆவுடையப்பன் 2" என்று கதவு திறந்தது. மூன்று பேரும் புது ஆளுக்கு மோர் கொடுத்து மரியாதையாக உட்கார வைத்தார்கள். அவன் முறுக்குச் சுற்றும் அழகைப் பார்த்து அசந்துபோனார்கள்.

"வந்த அன்னைக்கே என்னமா சுத்துதான்! நம்ம ஆவுடையப்பன் வந்தா இவன்கிட்ட நின்னு கத்துக்கணும்" என்றான் மாடக்கண்ணு.

புகழ்ச்சிதான். ஆனாலும் ஆவுடையப்பனுக்கு எங்கேயோ சுருக்கென்றது.

தினமும் காலையில் மேடம், "ஆவுடையப்பன் இன்று வரவில்லை" என்று சொல்வார். நாலு பேரும் கவலையோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளையைக் காணோம். ஆற்றங்கரையில் தேடினார்கள், டீக்கடைகளில் கேட்டார்கள். எல்லாரையும்விட அதிகமாக அலைந்தவன் ஆவுடையப்பன்தான். போகிற இடத்திலெல்லாம் தன் அங்க அடையாளங்களைச் சொல்லி விசாரித்தான்.

ஒருநாள் மேடம், "ஊழியரைத் தொடர்புகொள்ளவும்" என்றார். இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று செம்புலிங்கம் உடனே ஆவுடையப்பனின் நம்பருக்குப் போன் போட்டார். ஆவுடையப்பனின் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தான்.

"அலோ."

"ஆவுடையப்பன் இருக்கானா?" என்றார் செம்புலிங்கம், அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு.

"இல்லியே அண்ணாச்சி. நானும் அவனைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"வந்தா உடனே கூப்பிடச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

செம்புலிங்கம் போனை வைத்துவிட்டு மற்றவர்களிடம், "நல்ல மனுசன் ஒருத்தர் எடுத்தாரு. அங்கயும் இல்லையாம்" என்றார்.

அதே போனில் மத்தியானம் கோமதி கூப்பிட்டாள். இத்தனை நாளும் அவள் பெயரைப் பார்த்தாலே குதித்து எழுகிறவன், இப்போது உட்கார்ந்தபடியே எடுத்தான். அடுத்தவனுக்கு நிச்சயம் பண்ணிய பெண்ணிடம் என்ன பேசுவது?

"என்னங்க, மூணு நாளா போனை எடுக்கவே இல்ல? குரலும் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஆவுடையப்பன் வந்ததும் பேசச் சொல்லுதேம்மா" என்று வைத்துவிட்டான். பிறகு மாவுச் சாக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த முதல் ஆவுடையப்பன் எவ்வளவு கொடுத்துவைத்தவன்! இப்படி ஒரு பெண்ணை விட்டுவிட்டு எங்கேதான் தொலைந்தான்?

கோமதி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜன்னல் வழியாக அவன் மொட்டையையும் வீங்கிய கண்ணையும் பார்த்தாள்.

"மொட்டை நல்லாத்தான் இருக்கு. எதுக்கு அழுதீங்க?"

"நீங்க நெனைக்கிற ஆள் நான் இல்ல. நான் ரெண்டாவது ஆள். அவன் வந்துருவான், கவலைப்படாதீங்க. உங்களை ஏமாத்தி அவன் எடத்துல உக்கார எனக்கு மனசு வரல."

கோமதிக்கு இது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்று பேரும் நடந்ததை வரிசையாக எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு சுத்தமாகப் புரியவில்லை. ஆனால் அவள் கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பவள். ரேகை தேய்ந்தவர்களையும் கண்ணாடி மாற்றியவர்களையும் மெஷின் யாரென்று கேட்பதைத் தினமும் பார்ப்பவள். அடுப்புக்கரி ஒன்று வாங்கி, அவனை வெளியே வரவழைத்து, மேலுதட்டில் பெரிய மீசையும் தலையெல்லாம் சுருள் சுருளாக முடியும் வரைந்தாள்.

"வணக்கம், ஆவுடையப்பன். பல நாட்களுக்குப் பிறகு வருகிறீர்கள்" என்று கதவு திறந்தது.

மூன்று பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். மாடக்கண்ணு அழுதேவிட்டான். "எங்கலே போய்த் தொலைஞ்சே?"

"தெரியலடே. எங்கயும் போன மாதிரியே இல்ல" என்று ஆவுடையப்பனும் அழுதான். கோமதியைப் பார்த்ததும் பழையபடி விறைப்பாக நின்றான்.

சந்தோஷம் அடங்கியதும் பேச்சிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். "அந்தப் புது ஆளை எங்க? இப்பம் இங்கனதானே இருந்தான்?"

கோமதி வாசலைப் பார்த்தாள். அடுத்த பஸ் எப்போது என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். ஆனால் 'உங்களை ஏமாத்த மனசு வரல' என்று அழுத மனுஷனை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. "கல்யாணத்துக்கு வந்து சேருங்க, போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மேடம், "ஆவுடையப்பன் 2 இன்று வரவில்லை" என்றார். ஒருவன் வந்தால் ஒருவன் வராமல் போவது கம்பெனிக்கு நல்லதல்ல. அதனால் ஆவுடையப்பன் காலையில் கரி பூசிக்கொண்டு வந்து வேலை பார்த்தான். மத்தியானம் முகம் கழுவிவிட்டு இரண்டாவது ஆளாக வந்து மிச்ச வேலையைப் பார்த்தான். ஓர் ஆளை வைத்து இரண்டு ஆள் வேலை வாங்குவது என்று பட்டணத்துக் கம்பெனிகள் கோடி கோடியாகச் செலவழித்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிற வித்தை, வாகைச்சுனையில் ஒரு கரிக்கட்டையில் முடிந்துவிட்டது. ஆவுடையப்பனுக்கு ஒரே குறைதான். தான் இருக்கும்போது அவன் இருப்பதில்லை. தன் வேலையைப் பாதி பார்த்துக்கொடுக்கிற அந்த நல்லவனை ஒருமுறையாவது நேரில் கண்டு நன்றி சொல்ல ஆசைப்பட்டான்.

கல்யாண நாள் வந்தது. மேடம் பார்க்காமல் ஒரு மாப்பிள்ளையை எப்படி நம்புவது? மூன்று பேரும் கம்பெனிக் கதவை நிலையோடு பெயர்த்து, தலையில் சுமந்துகொண்டுபோய், மண்டபத்தில் மணமேடைக்கு எதிரே நிறுத்தினார்கள். பேட்டரி இருந்ததால் மேடத்துக்கு அசௌகரியம் ஒன்றுமில்லை. கதவின் இருபக்கமும் மண்டபம் திறந்துதான் கிடந்தது. மற்ற விருந்தாளிகள் பக்கவாட்டில் போய்வந்தார்கள். அவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை.

கரிமீசையோடு மாப்பிள்ளை வந்தான். "வணக்கம், ஆவுடையப்பன்" என்று கதவு திறந்தது. மணமேடையில் போய் உட்கார்ந்தான். ஓமப்புகை எழும்பியது, வியர்வை வழிந்தது, மீசை கரைந்து தாடையில் இறங்கிப் பட்டுச் சட்டைக்குள் போய்விட்டது. துண்டால் ஒருமுறை அழுத்தித் துடைத்தான். மேளம் உச்சத்துக்குப் போக, தாலியைக் கையில் எடுத்தான்.

"நல்வரவு, ஆவுடையப்பன் 2" என்றார் மேடம்.

"நிறுத்துங்க! மாப்பிள்ளையைக் காணோம்!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். மேளம் நின்றது. ஆவுடையப்பன் கையிலிருந்த தாலியைப் பார்த்தான். அடுத்தவன் தாலி. "இப்பம் இங்கனதானே இருந்தான்" என்று தன்னைத் தேடுவதற்காக எழுந்தான்.

கோமதி அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"முதலாவது ஆளோ ரெண்டாவது ஆளோ, எனக்கு ரெண்டு பேரும் சம்மதம். கட்டுங்க."

"அவன் வந்து கேட்டான்னா?"

"நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க கட்டுங்க."

அவள் முகத்தைப் பார்த்தான். இவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மேளம் மறுபடி முழங்க, ஆவுடையப்பன் தாலி கட்டினான். முதலாவது ஆளுக்காகக் கொஞ்சம் வருத்தமாகவும், தனக்காக ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. பந்தியில் வருத்தத்தைச் சரிக்கட்ட, அவனுக்கென்று பக்கத்தில் ஓர் இலை போடச் சொன்னான்.

அந்த நேரத்தில் மண்டபத்துக்குள் ஒருவர் வேகவேகமாக நுழைந்தார். பெங்களூரிலிருந்து திரும்பி வந்திருந்தார் முதலாளி. மகளுக்குச் சுகப்பிரசவம், ஆண் பிள்ளை. வேண்டிக்கொண்டபடி பழனியில் இறங்கி, தலையும் மீசையும் பளபளவென்று மழித்திருந்தார்.

"ஏலே, கம்பெனிக் கதவை எங்கலே? அங்க ஆடு புகுந்து திங்குது!" என்றபடி கதவைச் சுற்றிக்கொண்டு வரப் பார்த்தார்.

மூன்று பேரும் குறுக்கே நின்றார்கள். "வாசல் இந்தப் பக்கம் ஐயா. முகத்தைக் காட்டிட்டு வாங்க."

"மன்னிக்கவும். உங்களை அடையாளம் தெரியவில்லை" என்றார் மேடம்.

"நான் முதலாளிலே! சிவனணைஞ்சான்!"

"இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். 'சிவனணைந்தான் 2' என்று பதிவு செய்யலாமா?"

மாலையும் கழுத்துமாக இருந்த ஆவுடையப்பன் எழுந்து வந்து, அவர் தோளை ஆதரவாகத் தடவிக்கொடுத்தான். "சரின்னு சொல்லிருங்க. மொதல்ல எனக்கும் இப்படித்தான் படபடப்பா இருந்துச்சு. போகப் போகச் சரியாயிரும். உங்க முதலாவது ஆளு பெங்களூர்ல இருக்காரு, வந்ததும் சொல்லுதோம்."

முதலாளி தலையில் கை வைத்தார். வைத்த கை வழுக்கியது.

"அறிவுகெட்ட பயலுவளா! உங்களுக்கெல்லாம் புத்தின்னு ஒண்ணு இருக்கா இல்லியாலே?"

நாலு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். இத்தனை நாள் கட்டிக்காத்த பொறுப்பைப் பற்றி ஒருவர் கேட்டதில் அவர்களுக்குப் பெருமையாக இருந்தது.

"பத்திரமா இருக்குங்க" என்றார் செம்புலிங்கம். "முதலாளி வர்ற வரைக்கும் எடுக்கப்படாதுன்னு உத்தரவு."